குக்கீ என்னும் அடையாளச் சீட்டு

சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலையொன்றில், பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் வாழும் பெரியவர் ஒருவர் என்னைக் காண வந்தார். இளமையிலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து, பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். தமிழ் நாளேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர். கன்னடம் தடையின்றிப் பேசுவார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அன்று அவர் முகம் வாடியிருந்தது.

மருத்துவர் அவரிடம் ஒரு நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறார். வீட்டாருக்குத் தெரிவிக்குமுன் தாமே அதைப்பற்றி அறிந்துகொள்ள விரும்பி, வீட்டுக் கணிப்பொறியில் இரண்டு மூன்று இணையதளங்களைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தளத்திலும் முதலில் ஒரு பெட்டி தோன்றியது. அதில் எடுப்பாகத் தெரிந்த பொத்தானை அழுத்தினார், பெட்டி விலகியது. மூன்று நாள் கழித்து, அதே கணிப்பொறியில் சமையற் குறிப்புத் தேடிய அவருடைய மகளின் கண்முன், பக்கத்தின் ஓரமெல்லாம் அந்நோய்க்குரிய மருந்துகளும் மருத்துவமனைகளும் விளம்பரங்களாக வந்து நின்றன. மகள் கேட்டுவிட்டாள்.

"நான் யாரிடமும் வாய் திறக்கவில்லையே, சார். அந்தப் பெட்டியில் அப்படி எதற்குத்தான் ஒப்புக்கொண்டேன்?" என்றார் அவர்.

நான் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்தில் உள்ள ஆணைகளையும் அறிவிப்புகளையும் தமிழில் தருவதே என் தொழில். ஆயினும் அக்கேள்விக்கு அன்று என்னால் நேரான விடை கூற இயலவில்லை. நானும் அப்பொத்தானை எண்ணற்ற முறை அழுத்தியவன்தான். ஒருமுறையேனும் பெட்டியிலுள்ளதை முழுதும் படித்தவன் அல்லன். அதன்பின் நான் தேடியறிந்த வரலாற்றையே ஈண்டுக் கூற முற்படுகிறேன்.

பெட்டியில் குறிக்கப்பட்டிருந்த பொருளின் பெயர் குக்கீ. அப்பெயரைக் கேட்டதும் பெங்களூருவில் வாழ்வோர்க்குத் தெருமுனை ஐயங்கார் பேக்கரியின் கண்ணாடி அலமாரிதான் நினைவில் தோன்றும். அமெரிக்கர் பிஸ்கோத்துக்கு வழங்கும் பெயர் அது. கணிப்பொறியாளரிடையே அதற்கு வேறொரு பொருளும் இருந்தது. ஒரு நிரல் மற்றொரு நிரலிடமிருந்து பெற்று, உள்ளே என்ன இருக்கிறதென்று ஆராயாமல், பின்னர் அப்படியே திருப்பிக் காட்டும் சிறு குறிப்பை 'மந்திரக் குக்கீ' என்று யூனிக்ஸ் கணிப்பொறிகளில் பணியாற்றியோர் அழைத்து வந்தனர். கோயில் வாயிலில் காலணி காப்பவர் தரும் டோக்கனை எண்ணிப் பாருங்கள். அதில் நம் பெயரில்லை, ஊரில்லை; வெறும் எண்தான். அவ்வெண்ணால் நமக்கு யாதொரு பயனும் இல்லை. கொடுத்தவருக்கே அது பொருள் தரும். குக்கீயும் அத்தகையதே.

இணையத்துக்கு இப்படியொரு டோக்கன் எதற்கு? உலகளாவிய வலையை டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டு முதல் ஜெனீவா நகரை அடுத்த ஆராய்ச்சி நிலையத்தில் வகுத்தபோது, அதை மறதியுடையதாகவே அமைத்தார். ஒரு பக்கத்தைக் கேட்டால் தளம் அதைக் கொடுக்கும். கொடுத்ததுமே கேட்டவரை மறந்துவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பரிமாறிக்கொள்ள அது போதும். ஆனால் கடை நடத்தப் போதாது. புத்தகம் ஒன்றைத் தேர்ந்து கூடையில் இட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றால், கடைக்காரர் நம்மைப் புதிய ஆளாகவே காண்பார், கூடை காலியாகிவிடும்.

1994-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்து நெட்ஸ்கேப் நிறுவனத்தார்க்கு இச்சிக்கல் எதிர்ப்பட்டது. எம்.சி.ஐ. என்னும் தொலைபேசி நிறுவனம் இணையத்தில் கடை திறக்க விரும்பியது. ஆனால் பாதியில் நிற்கும் வாங்கல் விவரங்களைத் தன் கணிப்பொறிகளில் சேர்த்து வைக்க அதற்கு விருப்பமில்லை. இருபத்தைந்து வயது நிரம்பாத லூ மாண்டுல்லி என்னும் பொறியாளர் வழியொன்று கண்டார். கணக்கை வாங்குபவரின் கணிப்பொறியிலேயே ஒரு சிறு சீட்டாக எழுதி வைப்பது. அவர் மீண்டும் வருகையில் அவருடைய உலாவியே அச்சீட்டை எடுத்துக் கடைக்குக் காட்டுவது. மளிகைக்கடைக்காரர் பற்றுக் கணக்கை எழுதி, நோட்டை நம் கையில் கொடுத்து, அடுத்த முறை கொண்டுவரச் சொல்வது போன்றதே இது. அவ்வாண்டு அக்டோபர் 13-ஆம் நாள் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியின் முதல் வெள்ளோட்டப் பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது. இதே தளத்துக்கு இவர் முன்பு வந்திருக்கிறாரா என்று நெட்ஸ்கேப் தன் தளத்தில் அறிந்துகொள்வதே குக்கீயின் முதற் பணியாக அமைந்தது.

இதில் மாண்டுல்லி காட்டிய எச்சரிக்கையை மறைத்தல் முறையன்று. ஒவ்வோர் உலாவிக்கும் மாறாத ஓர் எண்ணைச் சூட்டிவிடுவது இதைவிட எளிய வழி. ஆனால் அவ்வாறு செய்தால் எல்லாத் தளங்களும் அவ்வெண்ணைக் கொண்டு ஒருவரைத் தொடர இயலும் என அவர் அதனைத் தவிர்த்தார். ஒரு கடையின் சீட்டை அக்கடையிலன்றி வேறெங்கும் உலாவி காட்டலாகாது என்பதே அவர் வகுத்த விதி. நோக்கம் நன்றே. எனினும், வாயிற்கதவைத் தாழிட்டவர் பலகணியைக் கவனியாது விட்டார் என்பது பின்னர் விளங்கியது.

அதே அக்டோபர் மாதத்தில் நம் நாட்டில் நிகழ்ந்த வேறொன்றும் குறிப்பிடத்தக்கது. 1994 அக்டோபர் 7-ஆம் நாள், நக்கீரன் இதழின் ஆசிரியர் ராஜகோபால் தமிழ்நாட்டு அரசை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடலாமா என்பதே வழக்கு. பொது ஆவணங்களின் அடிப்படையில் அதை வெளியிடத் தடையில்லை என்ற நீதிமன்றம், அதே தீர்ப்பில், தன்னைத் தன்போக்கில் விட்டுவிடுமாறு கோரும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும், அது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கியது என்றும் உரைத்தது. ஆறே நாள் இடைவெளியில், சென்னையிலிருந்து சென்ற வழக்கொன்றில் அவ்வுரிமையும், கலிபோர்னியாவில் அதற்குச் சோதனையாக வளரவிருந்த கருவியும் வெளிப்பட்டன. ஒன்றை ஒன்று அறியாதிருந்தன என்பதில் ஐயமில்லை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை திறக்கப்பட்டதே 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாளில்தான்.

பலகணி எது என்று இனிக் காண்போம். ஓர் இணையதளத்தின் பக்கத்தில் உள்ளவை யாவும் அத்தளத்துக்கே உரியவை அல்ல. செய்தி ஒருவருடையது, ஓரத்திலுள்ள விளம்பரப் படம் வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்து வருவது. படத்தை அனுப்பும்போதே அந்நிறுவனமும் தன் சீட்டொன்றை நம் உலாவியில் வைத்துவிடலாம். நாளை நாம் முற்றிலும் வேறான ஒரு தளத்துக்குச் செல்கிறோம். அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருக்கிறது. உலாவி விதிப்படி அதன் சீட்டை அதனிடமே காட்டுகிறது. கோயிலிலும் மருந்துக்கடையிலும் உணவு விடுதியிலும் ஒரே ஆள் வாயிலில் நின்று, நம் கையிலுள்ள எண்ணைப் பார்த்துத் தம் குறிப்பேட்டில் பதிந்துகொள்வதை ஒக்கும் இது. இதையே மூன்றாம் தரப்புக் குக்கீ என்பர். அல்சூர்ப் பெரியவரின் மருத்துவத் தளத்தையும் அவர் மகளின் சமையல் தளத்தையும் பிணைத்தது இத்தகைய ஒரு சீட்டாகவே இருத்தல் வேண்டும். கணிப்பொறியில் அமர்ந்திருப்பவர் தந்தையா மகளா என்பதைச் சீட்டு அறியாது. உலாவி ஒன்றே என்பதை மட்டும் அறியும்.

மக்கள் இதனை அறிந்தது தற்செயலாகவே. முதல் உலாவிகள் குக்கீயை ஏற்குமுன் கேட்டதுமில்லை, ஏற்றபின் சொன்னதுமில்லை. லண்டன் நகரத்து பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் 1996 பிப்ரவரி 12-ஆம் நாள் இதுபற்றிக் கட்டுரை வெளியிட்ட பின்னரே எங்கும் பேச்செழுந்தது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் விசாரணை அமர்வுகளில் இதனை ஆராய்ந்தது. நெட்ஸ்கேப், ஒவ்வொரு குக்கீக்கும் முன்னதாக எச்சரிக்கை காட்டும் ஏற்பாட்டைத் தன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தது. அதை இயக்கியவர்கள் பக்கத்துக்குப் பக்கம் எழும் எச்சரிக்கைகளால் சலித்து, விரைவிலேயே நிறுத்திவிடும்படி ஆயிற்று. கேள்வியே தண்டனையாகும்படி கேட்கும் வழக்கம் இன்று தோன்றியதன்று.

இணையத்தின் தொழில்நெறிகளை வகுக்கும் பொறியாளர் குழு 1997 பிப்ரவரியில் குக்கீக்கென முதல் நெறியை வெளியிட்டது. மூன்றாம் தரப்புச் சீட்டுகளை உலாவிகள் இயல்பாகவே மறுக்க வேண்டும், குறைந்த அளவு தாமாக ஏற்கலாகாது என்பது அதன் கருத்து. அன்று சந்தையை ஆண்ட நெட்ஸ்கேப், மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களுமே அதைப் பின்பற்றவில்லை. என் கணிப்பில் இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே. விளம்பரத் தொழில் அப்போது முளைத்த நிலையிலேயே இருந்தது. அன்று மறுத்திருந்தால் இழப்பு சிறிதாக இருந்திருக்கும்.

முளை மரமாக நெடுநாள் ஆகவில்லை. டபிள்கிளிக் என்னும் விளம்பர நிறுவனம், அஞ்சல்வழிக் கொள்முதல் செய்வோரின் பெயர், முகவரிப் பட்டியல்களை வைத்திருந்த மற்றொரு நிறுவனத்தை 1999-இல் விலைக்கு வாங்கி, பெயரற்ற சீட்டுகளைப் பெயர்களோடு இணைக்கத் திட்டமிட்டது. எதிர்ப்பு வலுக்கவே 2000 மார்ச் மாதத்தில் அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. பின்னர் அந்நிறுவனத்தையே 310 கோடி டாலருக்கு வாங்குவதாக 2007-இல் கூகுள் அறிவித்து, மறு ஆண்டில் வாங்கியும் விட்டது.

பெரியவர் கண்ட பெட்டிக்கு வருவோம். அதன் பிறப்பிடம் ஐரோப்பா. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் பிறப்பித்த நெறியாணையை 2009-இல் திருத்தி, இன்றியமையாத குக்கீகள் நீங்கலாக மற்றவற்றுக்கு முன்னதாகவே ஒப்புதல் பெறவேண்டும் என்றது. அவ்வொப்புதலைப் பெறவே பெட்டி எழுந்தது. கடல் கடந்தும் பரவியது. பெட்டிக்குள் முன்னதாகவே சரியெனக் குறியிட்டு வைப்பது ஒப்புதலாகாது என ஒன்றியத்தின் நீதிமன்றம் ஜெர்மானிய நிறுவனமொன்றின் வழக்கில் 2019 அக்டோபர் 1-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரே அழுத்தமும் மறுப்பதற்குப் பல அழுத்தங்களும் வைத்தமைக்காக, பிரான்சு நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. எடுப்பான பொத்தான் எது, மங்கலான பொத்தான் எது என்பது வெறும் அழகுணர்ச்சி அன்று என்பதை இவ்வபராதம் காட்டுகிறது.

நம் நாட்டு வரலாறு வேறு வழியே சென்றது. அவ்வழி பெங்களூரிலிருந்தே புறப்பட்டது. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் 1977 முதல் 1986 வரை நீதிபதியாக விளங்கிய கே. எஸ். புட்டசாமி அவர்கள், தம் 86-ஆம் வயதில், 2012-ஆம் ஆண்டு, ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். அத்திட்டத்தைத் தலைமை தாங்கி நடத்திய நந்தன் நிலேகனியும் பெங்களூருக்காரரே. அதன் தொழில்நுட்ப மையமும் இந்நகரில்தான். வழக்கு நடக்கையில், அந்தரங்க உரிமை என்று அடிப்படை உரிமை எதுவுமே அரசியலமைப்பில் இல்லை என அரசுத் தரப்பு வாதிட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பெற்றவை 1954, 1962 ஆகிய ஆண்டுகளின் இரு பழைய தீர்ப்புகள். பின்னதில், காவல்துறை இரவில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது தவறு என்ற நீதிமன்றம், அவர் எங்கெங்கே போகிறார் வருகிறார் எனக் குறித்து வைப்பதைத் தவறெனக் கொள்ளவில்லை. வாயிலில் நின்று குறிப்பேட்டில் பதியும் ஆளை நேயர்கள் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஒருமுகமாகத் தீர்ப்பு வழங்கியது: அந்தரங்கம் அடிப்படை உரிமையே. நீதிபதி சந்திரசூட் தமக்கும் மற்ற மூவருக்குமாக எழுதிய நீண்ட பகுதியில் குக்கீயும் இடம்பெறுகிறது. பெயர்பெற்ற தளங்கள் உலாவியில் குக்கீக் கோப்புகளை வைப்பதும், அவற்றால் ஒருவர் அறியாமலே அவருடைய தடங்கள் பதிவதும் அங்கே விளக்கப்பட்டுள்ளன. ஆதாருக்காகத் தொடங்கிய வழக்கு, சமையற் குறிப்புத் தேடும் வீட்டு அறைவரை வந்து சேர்ந்தது எனலாம். புட்டசாமி அவர்கள் 2024 அக்டோபர் மாதத்தில் தம் 98-ஆம் வயதில் பெங்களூரில் காலமானார்.

தீர்ப்பை அடுத்துச் சட்டம் வரவேண்டும். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018-இல் அறிக்கை அளித்தது. 2019-இல் கொணர்ந்த மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. இறுதியில் 2023 ஆகஸ்ட் 11-ஆம் நாள் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. குக்கீ என்ற சொல் சட்டத்தில் எங்குமில்லை. ஆனால் குக்கீயால் ஒருவரைப் பற்றிய தகவல் திரட்டப்படுமாயின் சட்டம் அதனைத் தொடும். இச்சட்டம் தனிமனிதரை ஆங்கிலத்தில் பெண்பாலாகவே குறிப்பது புதுமை எனப் பேசப்பட்டது. தமிழில் 'அவர்' என்னும் சொல் இவ்வழக்கை முன்னமே தீர்த்து வைத்துவிட்டது என்பதில் மொழிபெயர்ப்பாளனுக்குச் சிறு மகிழ்ச்சி.

சட்டத்தின் 5-ஆம், 6-ஆம் பிரிவுகள், பிற மாநிலங்களில் வாழும் தமிழர் நெஞ்சில் இருத்த வேண்டியவை. எத்தகவலை எதற்காகத் திரட்டுகிறோம் என்று நிறுவனம் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஒப்புதல் கட்டாயமற்றதாகவும், குறிப்பானதாகவும், விவரமறிந்து தந்ததாகவும், ஐயமற்றதாகவும் இருத்தல் வேண்டும். கொடுத்த அளவு எளிதாகவே அதனைத் திரும்பப் பெறவும் இயலவேண்டும். அறிவிப்பையும் ஒப்புதற் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் எதிலுமோ படிக்கும் வாய்ப்பை நிறுவனம் தரவேண்டும். ஒருவர் எந்த மாநிலத்தில் வாழ்கிறார் என்று இங்கே கேள்வியில்லை. பெங்களூரில் இருப்பவரும் புணேயில் இருப்பவரும் தமிழில் கேட்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு, ஒப்புதல் முதலிய முதன்மைக் கடமைகளுக்கு அந்நாளிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டுள்ளது.

தமிழில் தந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி என் தொழிலைச் சார்ந்தது. ஒப்புதல், இசைவு, சம்மதம் என மூன்று சொற்கள் நம்மிடம் உள. அலுவலகத் தாள்களில் ஒப்புதலே வழங்குகிறது. ஒப்புதலில் கை மட்டும் இருக்கிறது. இசைவில் மனமும் இருக்கிறது என்பது என் எண்ணம். பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்கும் வீட்டில், அவள் வாய்திறந்து விடை சொல்லும்வரை காத்திருக்கிறோம். இத்தளங்களின் பெட்டிகளில் 'நியாயமான நலன்' என மொழிபெயர்க்கத்தக்க தொடரொன்று அடிக்கடி வருகிறது. யாருடைய நலன் என்பதை எழுதாதவரை, எத்துணைச் சிறந்த தமிழும் அதற்குப் பொருள் கூட்டாது.

சட்டம் வரும்வரை நம் கையில் உள்ளது உலாவி. இன்றியமையாத சீட்டுகளை மறுப்பதில் பொருளில்லை. மறுத்தால் வங்கித் தளமோ ரயில் முன்பதிவுத் தளமோ நம்மை உள்ளே வைத்திராது. விலக்க வேண்டியது மூன்றாம் தரப்பையே. ஆப்பிள் நிறுவனத்தின் சபாரி உலாவி 2020 மார்ச் முதல் அவற்றைத் தானே தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2019-இல் அறியப்பட்ட பின்தொடர்வோரைத் தடுத்து, 2022-இல் ஒவ்வொரு தளத்தின் சீட்டுகளையும் தனித்தனிப் பேழையில் அடைத்தது. குரோம் உலாவியை ஆக்கும் கூகுளும் 2020-இல் இரண்டாண்டுகளுக்குள் நீக்குவதாகக் கூறி, பலமுறை ஒத்திவைத்து, 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரமே அந்நிறுவனத்தின் பெருவருவாய் என்பதை நினைத்தால் வியப்பில்லை. ஆதலின் குரோம் வைத்திருப்போர் அதன் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று தாமே அத்தடையை இடவேண்டும். பெயர் கொடுத்து நுழைந்த தளங்கள் நம்மைச் சீட்டின்றியும் அறியும் என்பதையும், கைப்பேசிச் செயலிகள் குக்கீயை அன்றி வேறு அடையாள எண்களைக் கொண்டும் பின்தொடர இயலும் என்பதையும் மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் ஒருவாறு தெரிந்துகொண்டபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். பழைய சீட்டுகள் அனைத்தையும் அழித்தோம். மூன்றாம் தரப்புக்குத் தடையிட்டோம். தந்தைக்கும் மகளுக்கும் அக்கணிப்பொறியில் தனித்தனிக் கணக்கு அமைத்தோம். மறைவாகப் பார்க்க வேண்டியதைத் தனிச் சாளரத்தில் பார்த்தால், அதை மூடும்போது அதன் சீட்டுகளும் அழியும் என்று காட்டினேன்; அதே வீட்டார் கண்ணுக்கு அது மறைவே ஒழிய, பார்க்கப்படும் தளத்துக்கும் இணையச் சேவை தருவோர்க்கும் மறைவன்று என்பதையும் சொன்னேன். மகள் தேநீர் கொண்டுவந்தாள். நோயைப்பற்றி இருவரும் இப்போது வெளிப்படையாகவே பேசிக்கொள்கின்றனர்.

சோதித்துப் பார்க்க ஒரு தளத்தைத் திறந்தோம். பெட்டி வந்தது, ஆங்கிலத்தில்தான். மறுக்கும் பொத்தான் மூலையில் மங்கலாக இருந்தது. அதிலிருந்த இரு சொற்களையும் எழுத்துக் கூட்டிப் படித்து, 'ரிஜெக்ட் ஆல்' என்று நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தமிழில் எழுதி, திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார் பெரியவர்.